பன்னிரண்டு மணி முட்கள்

போன ஆகஸ்டில் செத்த இஞ்சினின் கனெக்டிங் ராடு
இப்போது கராஜ் சுவரில் கோட்டு மாட்டும் கொக்கி.
வெய்யோ அடித்து வைத்தது, இரண்டே ஆணி.
உள்ளே வரும்போதெல்லாம்
என் ஈரக் குல்லாயை அந்த முறிந்த கழுத்தில்தான் மாட்டுகிறேன்.
சிவப்பு விளக்கு எரிந்ததா என்று அன்று கேட்டான்.
எரிந்தது.
எப்போது?
சத்தத்துக்கு அப்புறம்.

பிப்ரவரி. மைனஸ் இருபத்திரண்டு.
கௌஹயோகியில் கார்களுக்கே குளிர் ஜுரம்.
கேட்டலாக்கை விரித்துப்போட்டுப்
பென்சிலால் அடித்துக்கொண்டே வருகிறான் வெய்யோ.
பூஸ்ட் மீட்டர்: டர்போவே இல்லாத வண்டிக்கு எதற்கு?
வோல்ட் மீட்டர்: பேட்டரி போனால் உனக்கே தெரியும்.
பெட்ரோல் அழுத்தம்: ஆசைதான், அடுத்த வருஷம்.
நிறம் மாறும் டிஜிட்டல் திரையில் மட்டும்
என் விரல் கொஞ்சம் நின்றது.
எண்ணைப் படித்து முடிப்பதற்குள் ஒரு வளைவு போய்விடும் ஹில்க்கா,
முள்ளைப் படிக்க வேண்டாம்,
சாய்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

மிஞ்சியது மூன்று.
எண்ணெயின் அழுத்தம், எண்ணெயின் சூடு, தண்ணீரின் சூடு.
நாலு புது டயரின் விலை.
பணம் கட்டும்வரை டயரையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கனமான சென்சாரை பிளாக்கில் நேராகத் திருகினால்
அதிர்வில் கழுத்து முறியும்.
அதனால் பித்தளை டீ ஒன்று, பின்னல் குழாய் ஒரு முழம்,
சென்சார் தீச்சுவரில் தனியாக, தனி எர்த் வயரோடு.
மரையில் டெஃப்ளான் டேப் சுற்றாதே என்றான்,
சுற்றினால் எர்த் அறுந்து முள் உளறும்.
டீயையும் காப்பர் வாஷரையும் நான் இறுக்கினேன்.
என் கை சின்னது, அந்தச் சந்துக்குள் அதுதான் போகும்.

தண்ணீர் சென்சாரைக் காபிக் கெட்டிலில் முக்கினோம்.
கொதிக்கிற தண்ணீரைத் தொண்ணூற்றேழு என்றது.
டேப்பில் ‘மூன்று குறைத்துச் சொல்லும்’ என்றெழுதி
டயலின் கீழ் ஒட்டினான்.
பொய்யின் அளவு தெரிந்துவிட்டால் பாதி மெய்.
ஒன்று மட்டும் ஞாபகம் வை,
தண்ணீர் மொத்தமும் கொட்டிப்போனால்
சென்சாரைச் சுற்றி வெறும் காற்று,
முள் மெல்ல இறங்கி எல்லாம் சுகம் என்னும்.
அந்தச் சுகத்தை நம்பாதே.

கடைசியில் டயல்களைத் திருகி வைத்தோம்,
சூடேறிய இஞ்சின் சரியாக ஓடினால்
மூன்று முள்ளும் பன்னிரண்டு மணியில் நிமிர்ந்து நிற்கும்படி.
எண்கள் சரிந்துவிட்டன. கம்பெனிப் பெயர் தலைகீழ்.
பக்கத்து வீட்டு ஆத்து எட்டிப்பார்த்து,
குடித்துவிட்டா மாட்டினீர்கள் என்றான்.

ஜூன். மூன்றாவது ஹீட், நாலாவது சுற்று.
எனக்கு முன்னால் ஒரே ஒரு மஞ்சள் சாப்,
அதன் ஜல்லி என் கண்ணாடியில்.
நீளமான வலது வளைவில்
ஓரக்கண்ணில் முள் தைத்தது.
இடது டயல் தலை குனிந்து, நிமிர்ந்தது.
அடுத்த சுற்றில் இன்னும் தாழ.
இஞ்சின் அதே பாட்டுத்தான் பாடியது, குரலில் ஒரு பிசிறு இல்லை.
சிவப்பு விளக்கு தூங்கிக்கொண்டிருந்தது.
கால் எடுக்க மாட்டேன் என்றது.
எடுத்தேன்.
அந்த வளைவுக்கு அந்த வளைவு எடுத்தேன்.
ஒருவர் போனார், இன்னொருவர், அப்புறம்
எப்போதும் கடைசியில் வரும் அந்தப் பச்சை டாட்சன்கூட,
போகிறபோக்கில் கையசைத்துவிட்டு.

பிட்டில் வெய்யோ டிப் ஸ்டிக்கை உருவினான்.
ஒன்றரை லிட்டர் குறைவு.
டார்ச்சோடு அடியில் படுத்தவன் வெகுநேரம் பேசவில்லை.
அப்புறம் ஒரு கை மட்டும் வெளியே வந்தது,
கறுத்த விரலில் எண்ணெய் சொட்ட.
டீ.
காப்பர் வாஷர்.
நான் இறுக்கியது.

காவலுக்கு வைத்ததன் மூட்டிலேயே ஓட்டை,
முள் தன்னைத்தானே காட்டிக்கொடுத்திருக்கிறது.
சிரிக்கலாமா என்று காருக்கடியில் குனிந்து பார்த்தேன்.
பதினேழு ஸ்பேனரை எடு, என்றான் அவன்,
இந்தத் தடவை என் கையை எப்படியாவது நுழைக்கிறேன்.